கெட்டதும் கெடுத்ததும்

தண்ணீர் கெடுவதைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் கவிதைகளில் எப்போதும் ஒரு வில்லன் இருக்கிறான். புகைபோக்கி, சாயக்கழிவு, முதலாளி. அவன் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பல நதிகளின் விஷயத்தில் அவன் வாஸ்தவமாகவே இருக்கிறான். ஆனால் வில்லன் இல்லாதபோதும் நீர் கெடுகிறது. அப்போது நம் கவிதை மட்டுமல்ல, நம் அறவுணர்வே பேச்சிழந்துவிடுகிறது.

'ஏரி கெட்டது' என்கிறோம். 'ஏரியைக் கெடுத்தார்கள்' என்கிறோம். முதல் வாக்கியத்தில் செய்தவன் இல்லை. பால் திரிவதுபோல அது தானாக நடந்துவிட்டது. இரண்டாவதில் செய்தவன் இருக்கிறான், அநேகமாகத் தெரிந்தே செய்தவன். இந்த இரண்டு வினைகளுக்கும் நடுவே விழுந்துவிடும் காரியத்தைச் சொல்ல நம்மிடம் வினைச்சொல் இல்லை.

இப்சன் 1882இல் வெளியிட்ட 'மக்களின் விரோதி' நாடகத்தில் இந்தச் சங்கடம் கிடையாது. ஊரின் ஸ்நானக் கட்டடத்து நீரில் கிருமி இருப்பதை டாக்டர் ஸ்டாக்மன் கண்டுபிடிக்கிறார். கழிவு தோல் பதனிடும் இடங்களிலிருந்து வருகிறது. உண்மை தெரிந்தவன் ஒருவன், அதை மறைக்க விரும்புகிறவர்கள் பலர். நாடகம் நடக்க இது போதும். ஆனால் இதே ஸ்டாக்மனை இன்றைய ஈரி ஏரிக் கரையில் நிறுத்தினால் அவர் யாரைப் பார்த்துக் கை நீட்டுவார்?

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள பேரேரிகள் ஐந்தில் ஆழம் குறைந்தது ஈரி. 1960களில் அதைச் செத்த ஏரி என்று எழுதினார்கள். நடந்தது நேர்மாறானது. ஏரி பட்டினியால் சாகவில்லை. உண்ட மிகையில் மூச்சுத் திணறியது. நகரங்களின் சாக்கடையும் சலவைத்தூளும் கொண்டுவந்த பாஸ்பரஸில் பாசி பெருகிற்று. பெருகியது மடிந்து அடியில் படிந்தது. அதை அழுகச் செய்த நுண்ணுயிர்கள் அடிநீரின் பிராணவாயுவைத் தீர்த்தன. சேற்றில் புழுவாக வளர்ந்து, ஈசலைப்போல ஓரிரு நாள் பறந்து மடியும் பூச்சியினம் ஒன்று 1950களில் ஏரியின் மேற்குப் பகுதியில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அது மீன்களின் உணவு.

பாஸ்பரஸ்தான் காரணமா என்ற விவாதத்துக்குப் பதில் வேறொரு ஏரியில் கிடைத்தது. 1973இல் டேவிட் ஷிண்ட்லரும் சகாக்களும் கனடாவின் ஒன்டாரியோவில், 226 என்று எண்ணிட்ட சிறு ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். ஒன்றில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பாதி பச்சையாயிற்று.

இதற்கு முன்பே, 1972இல், இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. சாக்கடை நீர் சுத்திகரிக்கப்பட்டது, சலவைத்தூளில் பாஸ்பேட் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 11,000 டன் என்ற பாஸ்பரஸ் இலக்கை 1980களில் எட்டினார்கள். 1990களில் அந்தப் பூச்சிகள் திரும்பி வந்தன. குழாய்க்கு வாய் இருந்தது, குற்றத்துக்கு விலாசம் இருந்தது. இதுவரை இப்சன் போதும்.

பிறகு பாசியும் திரும்பி வந்தது. 2014 ஆகஸ்ட் 2ஆம் தேதி டொலீடோ நகரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றார்கள். பாசியின் நஞ்சு நீரில் கலந்திருந்தது. கொதிக்கவைத்தாலும் போகாத நஞ்சு. இம்முறை பாஸ்பரஸின் பெரும்பங்கு மௌமி ஆறு வழியாக, வயல்களிலிருந்து மழையோடு வந்தது. ஒவ்வொரு வயலிலிருந்தும் வந்தது சொற்பம். எந்த விவசாயியும் ஏரியில் எதையும் கொட்டவில்லை. பயிருக்கு உரம் இட்டான், மழை பெய்தது, அவ்வளவுதான். 1972இன் அமெரிக்க நீர்ச் சட்டம் குழாய்வாய்களைக் கட்டுப்படுத்தப் பிறந்தது. வயலில் விழுந்து வழியும் மழைநீர் அந்த வகையில் சேராது என்று 1987இல் அதில் எழுதியும் வைத்தார்கள். சட்டமும் நம்மைப்போலவே செய்தவனைத் தேடுகிறது.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்யும் விஷயம் ஒன்று உண்டு. மண் அரிப்பைத் தடுப்பதற்காக அங்கே பல விவசாயிகள் உழவைக் குறைத்தார்கள். நல்ல காரியம், அரசு சொல்லி, மனமுவந்து செய்தது. ஆனால் உழாத நிலத்தில் உரம் மண்ணோடு கலக்காமல் மேல்தட்டிலேயே தங்கியது. மழையில் கரைந்து, வெடிப்புகள் வழியே இறங்கி, நிலத்தடி வடிகால் குழாய்களைச் சேர்ந்தது. கரைந்த பாஸ்பரஸ் அதிகரித்ததற்கு இதையும் ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதாவது பொறுப்பின்மை மட்டுமல்ல, பொறுப்பும் ஏரியில் போய்ச் சேர்ந்தது. ஏரிக்கு நோக்கம் தெரியாது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியை இங்கே நினைப்பது சுலபம். ஆனால் அது, தன் அளவைத் தானே அறியக்கூடிய ஒருவன் உண்ணுவதைப் பற்றியது. இங்கே அநேகர் தம் அளவை மீறாமலிருந்தாலும் கூட்டுத்தொகை மீறிவிடும். தனிமனித ஒழுக்கத்துக்கான பழமொழி கூட்டுத்தொகைக்குப் பயன்படாது.

அப்படியானால் 'எல்லோரும் குற்றவாளிகள்' என்று முடித்துவிடலாமா? இந்த வாக்கியம் சிந்தனைபோலத் தோன்றும் சோம்பல். எல்லோரும் குற்றவாளி என்றால் பத்து ஏக்கர்க்காரனும் பல்லாயிரம் மாடுகளை அடைத்துவைத்துச் சாணத்தை வயலில் தள்ளுகிறவனும் ஒரே வரிசையில் தலைகுனிந்து நின்று, சேர்ந்தே வீட்டுக்குப் போய்விடுவார்கள். குற்ற உணர்வு பங்கிடப் பங்கிடக் கரைவது.

நான் வங்கியில் கணக்கு எழுதுகிறவன். இன்னார் கணக்கு என்று தெரியாத தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். அது யாருடையதும் இல்லை என்று அதற்கு அர்த்தமல்ல. பெயர் கண்டுபிடித்துத் தீர்க்கும்வரை அது தூங்க விடாது. ஈரியின் அடிச்சேறு அப்படியொரு கணக்கு. பல ஆண்டுகளாகப் படிந்த பாஸ்பரஸை, பிராணவாயு குறையும்போது, அது மறுபடியும் நீருக்குத் திருப்பித் தருகிறது.

குற்றம் என்ற சொல்லை விட்டுவிட்டு இங்கே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய சொல் கடன் என்று எனக்குப் படுகிறது. தமிழில் அது கொடுக்க வேண்டிய பணமும்தான், செய்ய வேண்டிய கடமையும்தான். கடனுக்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. நல்லவனுக்கும் கடன் உண்டு, அப்பன் வாங்கியது மகனுக்கும் வரும். குற்றத்தைப்போல அது பொதுவில் கரைவதில்லை. அவனவன் தொகை அவனவனுக்கு, பெரியவனுக்குப் பெரிதாக.

2019இல் டொலீடோ வாக்காளர்கள் ஏரிக்கே உரிமைகள் உண்டு என்று ஒரு சாசனத்தை நிறைவேற்றினார்கள். செய்தவனுக்கு முகம் கிடைக்காதபோது, பாதிக்கப்பட்டதற்காவது முகம் கொடுத்துப் பார்த்தார்கள். மறுவருஷம் நீதிபதி ஒருவர் அது தெளிவற்றது என்று ரத்து செய்தார். சட்டமாக அது தெளிவற்றதாக இருக்கலாம். கடன் கொடுத்தவன் யார் என்பதை மட்டும் அது சரியாகச் சொல்லியிருந்தது.

வசந்தகாலத்தில் மௌமி சுமந்துவரும் பாஸ்பரஸை அளந்து, அந்தக் கோடையில் பாசி எவ்வளவு படரும் என்று இப்போது முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். வட்டிக் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே போடப்படுகிறது. அசலைக் கட்ட யாருக்கும் நோட்டீஸ் போகவில்லை.