இரண்டு மிதி

நான்கு நாள் அடைமழைக்குப் பிறகு அன்றுதான் வெயில். ஷெட்டில் நிற்கும் புல்லட்டின் மேலிருந்து தார்ப்பாயை எடுத்தேன். கடைசியாக ஓட்டியது ஆடி மாதம். ஸ்கூட்டர் வந்தபிறகு எல்லாம் அப்படித்தான் ஆகிவிட்டது. பால் வாங்க, பேங்க் போக, மழைக்கு ஒதுங்க எல்லாவற்றுக்கும் அதுதான் தோதாக இருக்கிறது.

நாலு கிக்கில் ஸ்டார்ட் ஆனது. சந்தோஷமாகக் கிளட்சைப் பிடித்து, வலது கால் நுனியால் முதல் கியரை மேலே தூக்கினேன். வண்டி ஒரு முழம் துள்ளிச் சுவரை முட்டப் போய் அணைந்தது. கிளட்ச் கைக்குள்ளேயே இருந்தது. முழுசாகப் பிடித்திருந்தேன்.

*

பழைய வண்டிகளில் இது அபூர்வமில்லை. கிளட்ச் பிளேட்டுகள் எண்ணெயில் ஊறியபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும். ஓடாமல் மாதக்கணக்கில் நின்றால் நடுவிலுள்ள எண்ணெய் பிதுங்கி வெளியேறும், மிச்சம் பிசினாகும். அப்புறம் லீவரைப் பிடித்தாலும் அழுத்தம்தான் குறையும், அடுக்கு பிரியாது.

இன்ஜின் ஓடாதபோதே கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன். ஸ்டார்ட் செய்து, கியரில் ஓட விட்டு, பிரேக்கை மிதித்துப் பிய்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அந்த உதறல் முழுவதையும் செயினும் கியர் பற்களும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆட்டல். பிறகு அடியில் எங்கோ ‘பட்’டென்று ஒரு சின்னச் சத்தம். வண்டி லேசாக உருண்டது.

கை கழுவிக்கொண்டு காபி குடித்தேன். வேலை முடிந்ததாகவே நினைத்தேன்.

*

மறுநாள் சமாதானபுரம் சிக்னலில் நின்றபோது கிளட்ச் பிடித்த நிலையிலேயே வண்டி மெல்ல முன்னால் ஊர்ந்தது. நியூட்ரல் விழவில்லை. இந்த வண்டியில் குதிகாலால் மிதிக்க ஒரு தனி நியூட்ரல் லீவர் உண்டு; இரண்டு, மூன்று, நாலு எதில் இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரல். மிதித்தேன், விழுந்தது.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடமாக எல்லா சிக்னலிலும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். விரல் நுனியால் நியூட்ரல் தேடுவதை எப்போது விட்டேன் என்று நினைவில்லை. இந்த லீவர் மட்டும் இல்லாதிருந்தால் அன்றே கிளட்சைக் கவனித்திருப்பேன்.

*

வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி, ஆட்டி விடுவித்த கதையைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த கார்புரேட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்:

“ஒட்டுனத விடுவிச்சிட்டிய. சரி. ஏன் ஒட்டுச்சுன்னு பாத்தியளா தம்பி?”

“நின்னதுனாலதான், அண்ணாச்சி.”

“நின்னது ஒரு காரணம். ஓடும்போதும் இழுக்குதுல்லா? அதுக்கு?”

*

அந்தக் கேள்வியோடு மூன்று நாள் ஷெட்டில் இருந்தேன். ஒரு சமயத்தில் ஒன்றுக்கு மேல் தொடுவதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டேன். கேபிளையும் எண்ணெயையும் பிளேட்டையும் ஒன்றாக மாற்றினால் வண்டி சரியாகிவிடும். எதனால் சரியானது என்பது மட்டும் தெரியாமலே போகும்.

இந்த வண்டியில் இடது கை இழுக்கிற இழுப்பு ஒரு விசித்திரப் பயணம் போகிறது. கேபிள் வழியாக இறங்கி, வலப்பக்கம் கியர்பெட்டிக்குப் போகிறது. அங்கே ஒரு சிறு நெம்புகோல் அதை வாங்கி, ஒரு நீளக் கம்பியைத் தள்ளுகிறது. அந்தக் கம்பி கியர்பெட்டியின் மெயின் ஷாஃப்டுக்குள்ளேயே, அதன் நடுத்துளை வழியாக, மறுபடி இடப்பக்கம் வந்து பிரஷர் பிளேட்டை வெளியே உந்துகிறது. வழியில் எந்த இடத்திலும் ஒரு மில்லிமீட்டர் தொலைந்துபோகலாம். பிளேட்டுகள் பிரியத் தேவையான இடைவெளியே அவ்வளவுதான்.

லீவர் முனையைச் சுண்டிப் பார்த்தேன். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தளர்ச்சி இருந்தால் போதும். என்னுடையது விரல் அகலம் ஆடியது. கேபிளின் மேல்முனையை வெளியே இழுத்தபோது, நிப்பிளுக்குக் கீழே இரண்டு இழைகள் அறுந்து முள்ளாக நின்றன. கேபிள் ஒரே நாளில் அறுவதில்லை. இழை இழையாக அறுந்து, மிச்சத்தை நீட்டி, இழுப்பைத் தின்றுகொண்டிருக்கும்.

புதுக் கேபிள். போடுமுன் அதன் மேல்முனையில் பிளாஸ்டிக் தாளைப் புனல்போல் சுற்றி, நூலால் கட்டி, இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுத் தொங்கவிட்டேன். கீழ்முனையில் முதல் சொட்டு வர முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு கியர்பெட்டியின் சிறு மூடியைத் திறந்து, லாக் நட்டைத் தளர்த்தி, புஷ் ராடின் தளர்ச்சியையும் சரிசெய்தேன். ஊர்வது பாதியாகக் குறைந்தது. பாதிதான்.

*

இரண்டாம் நாள் இடப்பக்கம் திறந்தேன். ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் கழற்ற வேண்டும். அப்புறம் அந்தப் பெரிய செயின்கேஸ் மூடி முழுவதையும் பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டு. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த வடிவம் இது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் வேர்விட்டது. தாய்க் கம்பெனி மறைந்து வெகுகாலம் கழித்தும் இங்கே பெரிய மாற்றமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். ஒற்றை நட்டு என்பதால் திறப்பது சுலபம். அதே காரணத்தால், அதை ஓவராக முறுக்கினால் மூடி வளைந்து ஆயுளுக்கும் ஒழுகும்.

தட்டில் வழிந்த எண்ணெய் டிகாக்‌ஷன் நிறம். பிளேட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பினேன். ஸ்டீல் பிளேட்டுகளைப் பழைய மேஜைக் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக வைத்து, ஓரத்தில் விரலால் தட்டினேன். நேரான பிளேட் ஊமையாக இருக்கும். ஒன்று மட்டும் ‘டிக் டிக்’கென்று பேசியது. ஃபீலர் கேஜில் 0.2 மி.மீ. இலை அதன் அடியில் தடையில்லாமல் நுழைந்தது. வளைந்த பிளேட் எவ்வளவு விலகினாலும் பக்கத்துப் பிளேட்டை எங்காவது ஓரிடத்தில் தொட்டுக்கொண்டேதான் இருக்கும்.

டிரம்மின் வெட்டுகளில் விரலை ஓட்டினேன். பிளேட்டுகளின் காதுகள் வருஷக்கணக்கில் இடித்து இடித்து அங்கே சின்னச் சின்னப் பள்ளங்கள் ஆகியிருந்தன. காது அதில் மாட்டிக்கொண்டால் பிளேட் நகராது. செயின்மேல் துணியைத் திணித்துவிட்டு, தட்டை அரத்தால் மேடுகளை மட்டும் நீவினேன். பள்ளம் மறையும்வரை ராவினால் வெட்டு அகன்றுவிடும். எங்கே நிறுத்துவது என்று அரத்துக்குத் தெரியாது.

*

மாலையில் ஒரு புது ஸ்டீல் பிளேட்டோடு எல்லாம் உள்ளே போனது. மூடி போடவில்லை. நான் இடது கையால் கிளட்சைப் பிடித்துக்கொள்ள, கிக்கரை இன்னொரு ஆள் மெதுவாக அமுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் வந்தான்.

“மெதுவாடே. இன்னும் மெதுவா.”

பிரஷர் பிளேட் சுழன்றது. சுழலும்போது கோணலாகத் தலையாட்டியது. எல்லா ஸ்பிரிங் ஸ்க்ரூவையும் ஒரே அளவு முறுக்கியிருந்தேன். ஆனால் ஸ்பிரிங்குகள் ஒரே வயசில் தளர்வதில்லை. அதிகம் தூக்குகிற பக்கத்தில் கால் சுற்று முறுக்கினேன். மறுபடி அமுக்கச் சொன்னேன். இன்னும் அரைக்கால் சுற்று. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு பிளேட் சுழல்கிறதா நிற்கிறதா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தம்ளரில் அசையாமல் நிற்கும் தண்ணீர்போல் இருந்தது.

“சரியாயிட்டா மாமா?” என்றான் பையன். இன்னொரு முறை அமுக்கச் சொன்னேன். தேவைக்காக அல்ல, பார்ப்பதற்காக.

*

மூன்றாம் நாள் மூடி, எண்ணெய், ஒரு ரவுண்ட். அதே சிக்னல். இரண்டிலிருந்து கால் நுனியாலேயே நியூட்ரல் விழுந்தது.

*

2004-இல் இந்த வண்டியைக் கொடுத்த பெரியவர், ரிடையர்டு ஓவர்சியர், சாவியைத் தரும்போது ஒன்று சொன்னார்: “ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கிளட்ச் பிடிச்சு ரெண்டு மிதி.” முதல் இரண்டு வருடம் செய்தேன். ஏதோ சடங்கு என்று நினைத்து அப்புறம் விட்டுவிட்டேன். இந்த வண்டியில் கிக்கரின் விசை கிளட்சைத் தாண்டித்தான் இன்ஜினுக்குப் போக வேண்டும். கிளட்சைப் பிடித்து மிதித்தால் இன்ஜின் சுற்றக்கூடாது. கால் வெறுமனே இறங்க வேண்டும். இறங்கினால் பிளேட்டுகள் பிரிந்திருக்கின்றன. கனத்தால் ஒட்டியிருக்கின்றன. அவர் கொடுத்தது மருந்து மட்டுமில்லை, தினசரி நாடி பார்க்கும் முறையும்கூட.

இன்று காலையும் மழைக்கோலம். வெளியே போனது ஸ்கூட்டரில்தான். அதை வெளியே எடுக்குமுன் தார்ப்பாயைப் பாதி விலக்கி, புல்லட்டின் கிளட்சைப் பிடித்து இரண்டு முறை மிதித்தேன். கால் வெறுமனே இறங்கியது. அடியில் போட்டிருந்த அட்டையில் ஒரு சொட்டு எண்ணெய். நேற்று இரண்டு இருந்தது.