தந்தூரிச் சிவப்பு

வீட்டில் தந்தூரி சிக்கன் செய்யும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: நிறம் பொய் சொல்லுமா? தயிர், இஞ்சி பூண்டு விழுது, கடுகெண்ணெய், காஷ்மீரி மிளகாய்த்தூள் பிசறி, ஓர் இரவு ஊறவைத்துச் சுட்டால் செங்கல் நிறம்தான் வருகிறது. "என்னப்பா, கடையில மாதிரி செவப்பா இல்லையே" என்பாள் மகள்.

கடைச் சிவப்பு பெரும்பாலும் சாயம். அதற்கு ருசி கிடையாது. மிளகாய் நிறைய இருப்பதாகக் கண்ணிடம் மட்டும் சொல்லும். கர்நாடக அரசு 2024இல் கபாப்களில் செயற்கை நிறத்தைத் தடைசெய்தது உடல்நலம் கருதி. என் கவலை வேறு. "கஸ்டமர் கேக்குறாங்க சார்" என்கிறார் கடைக்காரர். "அவங்கதான் போடுறாங்க" என்கிறோம் நாம். பொய் இருக்கிறது, சொன்னவர் இல்லை.

வீட்டில் அந்த வசதி கிடையாது. போடுபவன் நான், சாப்பிடுபவள் என் மகள். அப்படியென்றால் தந்தூர் அடுப்பில்லாமல், கனலும் கரித்துண்டில் நெய் விட்டுப் புகை மூட்டுகிறேனே, அதுவும் ஏமாற்றுதானே? இல்லை. புகை கறியில் படிந்து ருசியாகிறது. அதை அவள் முன்னாலேயே செய்கிறேன்.

சாயத்தையும் சொல்லிவிட்டே போடலாம், அப்போது அது பொய்யாகாது. ஆனால் சொன்னபிறகு அந்தச் சிவப்பு யாருக்கு வேண்டும்?