கதை எவருடையது?

‘அழகவல்லி’ என்னும் நாவலின் ஆசிரியரும் அச்சுக்கூடம் நடத்தியவருமான ச. தம்பிமுத்துப்பிள்ளையின் ஊராகிய அச்சுவேலியில், கதை எழுதப் புகுந்த இளைஞர் சிலர், மாலை வேளையில், தேநீர் ஆறுவதையும் பாராது, ஒருவர் கையெழுத்துப் பிரதியை மற்றவர் வாசித்து, பிரியத்தோடும் சற்றே பொறாமையோடும் வாதிப்பதைக் காணும்போதெல்லாம், ‘நான் எழுதினேன்’ என்பதிலுள்ள அந்த ‘நான்’ யார் என்ற வினா என் சிந்தையில் எழுவதுண்டு.

சைவ சித்தாந்திகள் இந்த ‘நானை’ ஆணவ மலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். ஆயினும் அவர்களது நூலாகிய சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரம், மலம் நீங்கிய ஞானிக்கும் அன்பர் கூட்டுறவை விதிக்கிறதே, அது ஏன்? கனிந்தவனுக்கே துணை வேண்டுமெனில், முதற்கதையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பவனுக்கு எவ்வளவு வேண்டும்!

1943-இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம் கண்ட வரதர், அ. செ. முருகானந்தன், அ. ந. கந்தசாமி முதலிய இளைஞர்களின் அத்தகைய கூட்டுறவிலிருந்து 1946-இல் ‘மறுமலர்ச்சி’ சஞ்சிகை பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் நின்றும் போயிற்று. (இலாபத்தை நம்பி எவரும் இலக்கியச் சஞ்சிகை தொடங்குவதில்லை என்பது வேறு விஷயம்.) எனினும், நண்பன் ஒருவன் இரக்கமின்றி அடித்துவிட்ட வரியொன்று, எழுதியவனுடைய அகங்காரத்தில் ஒரு துளியையும் உடன்கொண்டு போயிருக்குமானால், அந்தக் கதையின் கீழ் எவர் பெயரை அச்சிடுவது?