ரேட் போடத் தெரிந்தவருக்கு என்ன பயம்?

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் பனியன் விலை கேட்டுப் பாருங்கள். உடனே விலை சொல்ல மாட்டார். "எத்தனை பீஸ்?" என்பார். அடுத்து, "எந்த ஊர்?" அதற்கும் அடுத்து, "ரொக்கமா, கடனா?" மூன்றுக்கும் பதில் வருவதற்குள் ரேட் அவர் மனதில் விழுந்துவிட்டிருக்கும். கால்குலேட்டரைத் தொட்டிருக்க மாட்டார். அடக்க விலை, லாபம், பழைய பாக்கி, பார்ட்டியின் பேச்சு சுத்தம் எல்லாம் அந்த ஒரு ரேட்டுக்குள் இருக்கும்.

இத்தனை கூர்மையுள்ள மனிதர், ஆன்லைன் கடைக்கு மொத்த விலை சாஃப்ட்வேர் வாங்க வேண்டும் என்றதும் குரல் தாழ்ந்து, "எனக்கு கம்ப்யூட்டர் எல்லாம் தெரியாதுங்க" என்கிறார். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. உங்களுக்கா தெரியாது? அந்த சாஃப்ட்வேர் செய்யப்போவதே நீங்கள் தினமும் கல்லாவில் உட்கார்ந்து செய்யும் வேலையைத்தான்! வேலை தெரிந்தவர் நீங்கள். அதற்குத்தான் நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆன்லைன் கடை நடத்தும் சாஃப்ட்வேரான வூகாமர்ஸ் இலவசம்தான். ஆனால் அதன் அடிப்படை அமைப்பில் ஒரு பொருளுக்கு ஒரு வழக்கமான விலையும் ஒரு தள்ளுபடி விலையும்தான் உண்டு. சில்லறை வாடிக்கையாளருக்கு ஒரு விலை, லாகின் செய்யும் கடைக்காரருக்கு வேறு விலை என்று காட்ட, பிளகின் என்னும் கூடுதல் சாஃப்ட்வேர் ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். சந்தையில் அப்படிப்பட்டவை நிறைய இருக்கின்றன. விற்க வருபவர் லேப்டாப்பைத் திறந்து வண்ண வண்ணமாகக் காட்டுவார். மயங்காதீர்கள்! அவர் வருவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து உங்கள் விதிகளை எழுதுங்கள். எத்தனை வகைப் பார்ட்டிகள், எத்தனை பீஸிலிருந்து ரேட் மாறும், செட்டைப் பிரித்துக் கொடுப்பீர்களா, யாருக்கு எத்தனை நாள் கடன் எல்லாம் அதில் இருக்கட்டும். இந்தத் தாள் கையில் இருந்தால் கேள்வி கேட்பவர் நீங்கள். இல்லையென்றால் அவர் காட்டுவதற்கெல்லாம் தலையாட்டத்தான் முடியும்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். அடக்கம் 300 ரூபாய், சில்லறை விலை 500 ரூபாய் உள்ள ஒரு சட்டை. மொத்தப் பார்ட்டிக்கு 30 சதவீதம் குறைத்தால் 350. கையில் நிற்பது 50 ரூபாய். பண்டிகைக்கு நீங்கள் சில்லறை வாடிக்கையாளருக்காக விட்ட 10 சதவீதக் கூப்பனை இந்தக் கடைக்காரரும் போட்டுவிடுகிறார் என்று வையுங்கள். விலை 315. லாபம் 15. அதில் பேமென்ட் கேட்வே 2 சதவீதம் எடுத்து, அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டியும் போட்டால், மிஞ்சுவது ஏழரை ரூபாய். அட்டைப்பெட்டியும் பார்சல் கூலியும் இன்னும் பாக்கி! நூறு பீஸ் விற்றாலும் வியர்வைக்குக் கூலி இல்லை. ஆகவே கேளுங்கள், தலை நிமிர்ந்து கேளுங்கள்: "மொத்த விலை மேல் கூப்பன் ஏறாமல் நிறுத்த முடியுமா? நிறுத்திக் காட்டுங்கள்."

வரியில் இன்னும் பெரிய பள்ளம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை உள்ள ரெடிமேட் ஆடைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் போனால் 18. வரி இல்லாமல் 2,800 ரூபாய்க்கு விற்கும் ஒரு சுடிதார் செட்டைக் கடைக்காரருக்கு 2,240 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள். சில்லறை பில்லில் 18 சதவீதம் சரி. மொத்த பில்லில் 5 சதவீதம்தான் வர வேண்டும், அதாவது 112 ரூபாய். பொருளுக்கு ஒரே வரி என்று கட்டிப்போட்ட சாஃப்ட்வேர் அங்கேயும் 18 போட்டு 403 ரூபாய் 20 காசு காட்டும். பீஸுக்கு 291 ரூபாய் கூடுதலாகப் பார்த்த கடைக்காரர் உங்களுக்குப் போன் போட்டு விளக்கம் கேட்பார் என்றா நினைக்கிறீர்கள்? சத்தமில்லாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எத்தனையோ பேர் டெமோவில் இதைக் கேட்பதே இல்லை. நீங்கள் கேளுங்கள்!

குறைந்தபட்ச ஆர்டர் அளவு வைக்கலாம் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அது போதாது. உங்கள் செட்டில் எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. வெறும் "ஆறு பீஸ்" என்று மட்டும் விதி வைத்தால், வாங்குபவர் எம்மும் எல்லும் மட்டும் பொறுக்கிக்கொள்வார். எஸ் சைஸ் எல்லாம் உங்கள் அலமாரியில் டெட் ஸ்டாக்காகத் தூங்கும். செட்டாகவே விற்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, பலரை நடுத்தெருவில் நிறுத்தக்கூடியது. தளம் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காகப் பக்கங்களைச் சேமித்து வைத்துக் காட்டுவார்கள், கேஷிங் என்பார்கள். அது சரியாக அமையாவிட்டால், மொத்தப் பார்ட்டி பார்த்த பக்கமே அடுத்து வரும் சில்லறை வாடிக்கையாளருக்கும் தெரியும். 500 ரூபாய் சட்டைக்கு 350 ரூபாய் விலை ஊருக்கே வெளிச்சம்! இரண்டு போனை எடுங்கள். ஒன்றில் கடைக்காரராக லாகின் செய்யுங்கள், மற்றொன்றில் லாகின் இல்லாமல் அதே பக்கத்தைத் திறங்கள். இதற்கு இன்ஜினியரிங் பட்டம் வேண்டாம். கண் இருந்தால் போதும்.

கடன் கெடு, டேலிக்குக் கணக்கு போகும் வழி, வருடா வருடம் புதுப்பிக்கும் கட்டணம் டாலரிலா ரூபாயிலா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் ஜிஎஸ்டி எண் உள்ள பார்ட்டிகளுக்கு இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். அந்த அளவுக்கு வளரப்போகிறவர் நீங்கள், இன்றே கேட்டு வையுங்கள். முக்கியமாக, நாளைக்கே வேண்டாம் என்று விலகினால் உங்கள் ரேட் பட்டியலும் பார்ட்டிகளின் விவரமும் முழுதாக உங்கள் கைக்கு வருமா? மழுப்புகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்று இரவு ஷட்டரை இறக்கியதும் உட்கார்ந்து அந்தத் தாளை எழுதி முடியுங்கள். டெமோவுக்கு வருபவரிடம் அவர் கொண்டுவந்த மாதிரிக் கடை வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் சரக்கு, உங்கள் ரேட், உங்கள் பழைய பார்ட்டியின் ஜிஎஸ்டி எண் வைத்து, உங்கள் கண் முன்னால் ஒரு பில் போடட்டும். பைசா சுத்தமாக வந்தால் விலை பேசுங்கள். வராவிட்டால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்தவருக்குப் போன் போடுங்கள்.