ஏடு தேடியவரின் ரோஷம்

சீடன்: ஆசையை அறுத்தவர்களால்தான் உலகத்தில் நல்ல மாற்றம் வரும் என்கிறார்கள். சுயநலம் கலந்தால் காரியம் கெட்டுவிடாதா ஐயா?

குரு: உ.வே.சாமிநாதையரை எடுத்துக்கொள்.

சீடன்: தமிழ்த் தாத்தாவையா? அவர் தியாகத்துக்கு அல்லவா உதாரணம்!

குரு: தாத்தா ஆனதெல்லாம் பிறகு. 1880இல் அவருக்கு வயது 25. கும்பகோணம் கல்லூரியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அல்லவா, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று அடுக்கினார். முதலியார் அசைந்து கொடுக்கவில்லை. இதனாலெல்லாம் என்ன பயன், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டுவிட்டார். இவர் படித்ததில்லை. அந்த இடத்தில் ஓர் இளைஞனுக்கு எப்படி இருக்கும்?

சீடன்: சுருக்கென்று தைத்திருக்கும்.

குரு: ரோஷமும் வந்திருக்கும் என்பது என் ஊகம். அந்த ரோஷத்தை நான் மட்டமாக நினைக்கவில்லை.

சீடன்: அது கல்வியாசை. அதைச் சுயநலத்தோடு சேர்க்கலாமா?

குரு: சரி, இதைக் கேள். யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம் பிள்ளைக்கும் சிந்தாமணியைப் பதிப்பிக்க விருப்பம். பதிப்பில் இவரைவிட அனுபவசாலி. உம்மிடம் இருப்பதைக் கொடும், நான் அச்சிடுகிறேன் என்று கேட்டார். தமிழுக்கு நன்மை ஒன்றுதான் குறி என்றால் கொடுத்திருக்கலாமே! இவர் கொடுக்கவில்லை. தானே பதிப்பிக்க வேண்டும் என்ற பிடிவாதம். 1887இல் சிந்தாமணி வந்தது. அதே ஆண்டில் தாமோதரம் பிள்ளை பதிப்பித்த கலித்தொகையும் வந்தது. வாசகனுக்கு இரட்டை லாபம்.

சீடன்: அப்படியானால் சுயநலமே போதும் என்கிறீர்களா?

குரு: அவசரப்படாதே. அந்தக் காலத்து ஏட்டைக் கையில் எடுத்துப் பார். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. காலா, ரகரமா என்று தெரியாது. கொம்பைப் பார்த்துக் குறிலா நெடிலா என்று நீதான் ஊகிக்க வேண்டும். எது பாட்டு, எது நச்சினார்க்கினியர் உரை என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒரே ஓட்டமாகப் போகும். நூலோ சமணக் காப்பியம், இவரோ சைவ மடத்தில் படித்தவர். பொருள் விளங்காமல், கும்பகோணத்துச் சமணர்கள் வீடு தேடிப் போனார். கல்லூரியில் பாடம் சொல்கிறவர் அங்கே மாணவராக உட்கார்ந்தார். பெயர் வாங்கினால் போதும் என்கிறவன் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டான். புரியாத இடத்தில் சொந்தச் சரக்கை நுழைத்து மூடியிருப்பான். இவர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களையும் சேர்த்து அச்சிட்டார்.

சீடன்: அதாவது, அதற்குள் அவரிடம் ஆசை போய்விட்டது.

குரு: எங்கே போயிற்று? ஏடு சொல்வதற்கு அடங்கி நடக்காவிட்டால் அந்த ஆசையே நிறைவேறாது என்று ஆகிவிட்டது. முதலியாருக்கு முன்னால் தலைநிமிர வேண்டுமென்றால், சமணர் வீட்டில் தலைகுனிந்தாக வேண்டும். எந்தப் பெருந்தன்மையும் அவரை அவ்வளவு பணியவைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சீடன்: ஆசையே இல்லாத ஒருவர் இதைவிடச் சுத்தமாகச் செய்திருப்பாரே?

குரு: ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஐயர் போனார். பழைய ஏடுகளா, ஆகமத்தில் சொன்னபடி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோமே என்றார்கள். போட்டவர்களுக்குக் காலணா ஆதாயம் கிடையாது. புண்ணியமென்று செய்தார்கள்.

சீடன்: புண்ணியமும் ஓர் ஆசைதானே ஐயா?

குரு: மடக்கிவிட்டாய். ஆசைதான். ஆனால் அந்த ஏட்டுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று அறியும் ஆசை அவர்களில் ஒருவருக்கும் இல்லை.

சீடன்: அந்த ஆசையை மட்டும் எப்படி நம்புவது? பேராசைக்காரன் ஒருவன் அந்தக் கட்டுகளைத் திருடி விற்றிருந்தால்?

குரு: இன்றைக்கு எங்காவது ஒரு நூலகத்தில் உட்கார்ந்து அவற்றைப் படித்துக்கொண்டிருப்போம்.

சீடன்: இது நியாயமா ஐயா?

குரு: நியாயமென்று நான் சொல்லவில்லையே.