பெயரை விற்கலாமா?

கண்ணால் காணவோ கையால் தொடவோ முடியாத ஒன்றை விற்பது கூடுமா என்று வியாபாரிகளான சகோதரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். டிரேட் மார்க் அத்தகையதுதான். அது வெறும் பெயர்.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தூர தேசம் போக வேண்டியதில்லை. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1970ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் உற்பத்தி நின்று போயிற்று. இங்கோ புல்லட் தொடர்ந்து தயாராகி வந்தது. பிற்காலத்தில் 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயரை பிரிட்டனில் பதிவு செய்யச் சென்னைக் கம்பெனி முற்பட்டபோது, பழைய உரிமை தங்களுடையது என்று அங்குள்ள ஒரு தரப்பார் ஆட்சேபித்தனர். கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்ததாகவும் குற்றம் சாட்டினர். 2001ல் முடிவு சென்னைக்குச் சாதகமாயிற்று. கெட்ட எண்ணம் என்று சாட்டுகிறவர் அதைத் தெளிவாக நிரூபிக்க வேண்டும் என்றும் அதில் வற்புறுத்தப்பட்டது. வாதிமீதே ஆதாரம் கடமை என்ற நமது சட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். ஹனபி மத்ஹபின் முற்கால அறிஞர்கள் சேமித்து வைக்கத்தக்க பொருளையே 'மால்' என்றனர். ஷாபிஈ மத்ஹபில் பயனும் மாலாகும். நூலாசிரியரின் பதிப்புரிமையை விற்பதை மறுத்தவர் முஃப்தி முஹம்மது ஷஃபீ. அவருடைய மகனார் தகீ உஸ்மானியோ, பதிவு செய்யப்பட்ட பெயரை விற்க நிபந்தனையோடு இடமளித்தார். 1988ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியும், டிரேட் மார்க்கும் கண்டுபிடிப்பும் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகளே என்று தீர்மானித்தது. ஏமாற்றும் மோசடியும் இல்லாதிருந்தால் அவற்றை விற்கலாம்.

அந்த நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது. பெட்டியின் மீதுள்ள பெயர், 'இதை இன்னார் செய்தார்' என்று வாங்குபவரிடம் சொல்லும் சாட்சியம். பட்டறையில் செய்த பிரேக் ஷூவைக் கம்பெனி அட்டையில் போட்டு விற்பவர் கம்பெனியின் உரிமையை மட்டும் பறிக்கவில்லை, பொய்ச்சாட்சியும் சொல்கிறார். "விலை குறைவு, டூப்ளிகேட் என்று வாங்குபவருக்கே தெரியுமே" என்பார்கள். மெக்கானிக்குக்குத் தெரியும். அந்த வண்டியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு எண்ணூர் ரோட்டில் போகிறவருக்குத் தெரியுமா? தானியக் குவியலுக்குள் கையை விட்டு, ஈரத்தை வெளியே தெரியும்படி வைக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள்.

பெயருக்கு உரியவரும் இதிலிருந்து தப்ப முடியாது. பெயரை வாங்கிய பின் சரக்கின் தரத்தைக் குறைத்து, பழைய நம்பிக்கையின் பேரில் விற்றால் டிரேட் மார்க் சட்டம் பெரும்பாலும் குறுக்கே வராது. ஷரீஅத் வரும். தயாரிப்பவர் மாறிவிட்டார் என்று மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பதே தகீ உஸ்மானி வைத்த நிபந்தனை.

கையிருப்பில் உள்ள போலிச் சரக்கை என்ன செய்வது? அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பொருளின் மீதுள்ள பெயரையும் அழித்துவிட்டு, இது இன்ன பட்டறையில் செய்தது என்று சொல்லி விற்கட்டும். விலை குறையும். குறையட்டும்.