போக்காடும் பேராசிரியர்களும்

அமெரிக்காவின் மத்திய மேற்கில் பல கல்லூரி ஊர்கள் சமய வேட்கையால் எழுந்தவை. ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லினை 1833இல் ஒரு போதகரும் ஒரு மிஷனரியும் தொடங்கியது, கல்லூரி ஒன்றுக்காக மட்டுமல்ல. கடவுளுக்கு உகந்த ஓர் ஊரையே கட்டி எழுப்பத்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பேராசிரியரைக் கொன்றுபோட்டு, கூடவே ஊரையும் கிண்டல் செய்யும் நாவல், தானறியாமலே ஓர் இறையியல் கேள்வியைக் கிளப்பிவிடுகிறது: நடந்த குற்றம் எத்தனை பேருடையது?

ஒருவருடையது என்பதே துப்பறியும் கதையின் பதில். மிச்சிகனின் ஆன் ஆர்பரில் 1941-42இல் பாடம் நடத்திய கவிஞர் டபிள்யூ. எச். ஆடன், 1948இல் எழுதிய கட்டுரையில், இக்கதைகள் மீது தமக்கிருந்த தீராப் பித்தை ஒப்புக்கொண்டு காரணமும் சொன்னார். ஏதேன் தோட்டம் போன்ற இடத்தில் கொலை நடக்கிறது. சந்தேகம் எல்லோர் மீதும் படிகிறது. கொலையாளி பிடிபட்டதும் மற்றவர்கள் குற்றமற்றவர்களாகிவிடுகிறார்கள். குற்றவுணர்வோடு வாசிப்பவருக்கும் அந்த விடுதலையில் பங்குண்டு. பார்த்தால் இது விவிலியத்தின் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்துப் போக்காடு போலத்தான் தெரிகிறது. ஆனால் அங்கே ஆசாரியன் ஆரோன் ஆட்டின் தலையில் கைகளை வைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அறிக்கையிட்ட பிறகே அதை வனாந்தரத்துக்கு அனுப்புகிறான். துப்பறியும் கதையோ ஆட்டை அனுப்பிவிடுகிறது, அறிக்கையை விழுங்கிவிடுகிறது. அந்த அறிக்கையை வாசிக்கும் வேலை அங்கதத்துடையது. ஜேன் ஸ்மைலியின் ‘மூ’ (1995) நாவலின் மத்திய மேற்குப் பல்கலைக்கழகத்தில் கொலை மர்மம் எதுவும் கிடையாது. இருப்பது நிதிப் பேராசையும், ரகசியமாக ஒரு பன்றியைக் கொழுக்க வைக்கும் ஆராய்ச்சியும்தான். ஆனாலும் கிண்டலுக்குத் தப்பியவர் யாருமில்லை.

எல்லோரும் குற்றவாளிகள் என்றால் ஒருவருமே குற்றவாளி இல்லை என்றாகிவிடும் என்று அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் எச்சரித்தார். வெறும் அங்கதத்துக்கு இந்தத் தடையைத் தாண்டுவது கடினம். கொலை மர்மமும் சேரும்போதுதான் வழி பிறக்கிறது. கைவிலங்கு ஒருவருக்கே, பதவி உயர்வுக் குழுவில் பொய் சொன்னவரும் கத்தி எடுத்தவரும் சமமாவதில்லை. பொய் சொன்னவர் உத்தமராக வீடு திரும்ப முடியாது, அவ்வளவுதான். சாவைச் சிரிப்பாக்கலாமா என்று கேட்பவர்கள், சிரிப்பு யார் மீது விழுகிறது என்று பார்க்க வேண்டும். இரங்கல் கூட்டம் முடியுமுன்பே காலியான இருக்கைக்கு விண்ணப்பம் தயாரிப்பவர் மீது அது விழுந்தால் நியாயம். பிணத்தைப் பார்த்தே சிரிக்கும் நாவல்களும் உண்டு; அவற்றுக்காக நான் வாதாடப் போவதில்லை. அதே கண்டிப்போடு இன்னொன்றும் சொல்வேன்: கொலையாளி பிடிபட்ட கையோடு ஊர் தூய்மையாகிவிட்டதாகக் காட்டும் அங்கத நாவல், தன் வேலையைப் பாதியில் விட்ட நாவல்.